ஹட்டனிலிருந்து நாகப்பட்டினம்: கப்பல் டிக்கட் எடுப்பது கடைசி வேலை

"தம்பி, நாகப்பட்டினம் கப்பலுக்கு எங்க டிக்கட் போடுறது?" என்று எங்கள் தோட்டத்தில் யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். "அக்கா, பாஸ்போர்ட்டுல உங்க பேரு எப்படி இருக்கு, ஐடியில எப்படி இருக்கு?" கேட்டவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வரும். கேட்டது டிக்கட்டை, இவன் சொல்வது பேரை.

டிக்கட் போடுவது பத்து நிமிட வேலை. அதற்கு முன்னால் கிடக்கும் வேலைகளுக்கு இரண்டு மாதம் ஆகும், சிலருக்கு ஆறு மாதம்கூட. எங்கள் சித்தப்பா வீட்டில் வரிசையை மாற்றிச் செய்தார்கள். முதலில் ஐந்து பேருக்கும் டிக்கட் போட்டார்கள், பிறகு வீசாவுக்குப் போனார்கள். வீசா கிடைத்த நாளில் கப்பல் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதனால் இதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

எந்தக் கப்பல், உங்களுக்கு அது தேவையா

இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்குப் பயணிகளை ஏற்றிப் போவது யாழ்ப்பாணப் பக்கத்துக் காங்கேசன்துறை – நாகப்பட்டினம் கப்பல். தூரம் ஏறக்குறைய 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீற்றர். கடலில் சுமார் நான்கு மணித்தியாலம். 2023 ஒக்டோபர் 14 அன்று 'செரியபாணி' என்ற கப்பலோடு சேவை தொடங்கியது. ஒரு வாரம்தான் ஓடியது, மழைக்காலம் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடம் மே 13 தொடங்கும் என்றார்கள். அந்தத் தேதி தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் ஒகஸ்ட் 16 அன்றுதான் இண்ட்ஸ்ரீ நிறுவனத்தின் 'சிவகங்கை' புறப்பட்டது. நவம்பரில் அதுவும் நின்றது, 2025 பெப்ரவரி 22 அன்று மறுபடி ஓடியது. இந்தத் தேதிகளை வரலாற்றுக்காகச் சொல்லவில்லை. அறிவித்த தேதிக்கும் கப்பல் புறப்படும் தேதிக்கும் நடுவே எத்தனை நாள் கிடக்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான்.

நம் பெரியவர்கள் பலருக்குக் கப்பல் என்றால் தலைமன்னார்தான். 1914 முதல் தனுஷ்கோடிக்கு ஓடியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் ராமேஸ்வரத்துக்கு ஓடியது. எண்பதுகளில் யுத்தத்தோடு நின்றது. அதை மறுபடி விடப்போவதாகப் பேச்சு வரும், போகும். பேச்சை நம்பி லீவு போடாதீர்கள். கொழும்பு – தூத்துக்குடிக் கப்பலும் அப்படித்தான், 2011 ஜூனில் வந்து நவம்பரில் நின்றுவிட்டது.

இனி ஒரு கணக்கை ஒளிக்காமல் சொல்கிறேன். மலையகத்திலிருந்து பார்த்தால் கட்டுநாயக்க விமான நிலையம் பக்கம், காங்கேசன்துறை தூரம். ஹட்டனிலிருந்து காங்கேசன்துறைக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பஸ் காசு, யாழ்ப்பாணத்தில் ஒரு இரவுத் தங்கல், சாப்பாடு எல்லாம் கூட்டினால் திருச்சி விமானத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லாத நாட்களும் உண்டு. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்தும் சென்னைக்கும் திருச்சிக்கும் விமானம் பறந்திருக்கிறது. மூன்று நாள் லீவில் போய்வர நினைப்பவர் விமானத்திலேயே போகட்டும். கப்பல் யாருக்கு? வேளாங்கண்ணி, நாகூர், திருவாரூர், தஞ்சாவூர் பக்கம் போகிறவருக்கு. இறங்கிய இடத்திலேயே ஊர் தொடங்கிவிடும். விமானத்தில் ஏறப் பயப்படும் வயதானவர்களுக்கும் சரி. அப்புறம், தாத்தா வந்த கடலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு. அதற்குக் கணக்குப் பார்க்க முடியாது.

பெயர்

நான் அதிகம் எழுதப்போவது இதைப் பற்றித்தான். நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது கடலில் இல்லை, இங்கேதான்.

நம்மில் பலருடைய பிறப்பைப் பதிந்தது தோட்டத்துக் கிளாக்கர். அப்பா வாயால் சொன்ன பெயரை அவர் காதில் விழுந்தபடி எழுதினார், சில சமயம் சிங்களத்தில். பிறகு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒரு மாதிரி எழுதினார், அடையாள அட்டைக்கு அதை ஆங்கிலத்தில் இன்னொரு மாதிரி மாற்றினார்கள். லெட்சுமி, லட்சுமி, லெச்சுமி மூன்றும் வீட்டில் ஒரே ஆள்தான். பாஸ்போர்ட் ஒபிஸில் மூன்று பேர்.

செய்ய வேண்டியது இது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கல்யாணப் பதிவு மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள், அதிலும் பிழை இருக்கும். வித்தியாசம் இருந்தால் முதலில் கிராம சேவகர், பிறகு டி.எஸ். ஒபிஸ், அதாவது பிரதேச செயலகத்தின் பதிவுப் பிரிவு. பிறப்புச் சான்றிதழில் திருத்துவதா, அடையாள அட்டையில் திருத்துவதா என்று அங்கேயே கேளுங்கள். உங்கள் மற்றப் பத்திரங்கள் எந்தப் பெயரில் அதிகமாக இருக்கின்றனவோ, அந்தப் பக்கம் திருத்துவதுதான் என் யோசனை. சேமலாப நிதி எந்தப் பெயரில் இருக்கிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள். கப்பலுக்காகப் பெயரை மாற்றிவிட்டு, ஓய்வு பெறும்போது ஈ.பி.எஃப். காசுக்கு அலைய வேண்டாம். பிறப்புப் பதிவே இல்லாத பெரியவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்க வேண்டி வரும். அதற்கு நாள் பிடிக்கும், இதை முதல் நாளே தொடங்குங்கள்.

வீட்டுப் பெட்டியைக் கிளறும்போது பழைய இந்தியப் பாஸ்போர்ட் ஒன்று கைக்கு வரலாம். 1964 ஒக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்திட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்றும் இந்திய வம்சாவளியினரான நம்மைப் பங்கு போட்டார்கள். அப்படிப் போனவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்குத்தான் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். பாஸ்போர்ட் எடுத்தும், தலைமன்னார்க் கப்பல் நின்றதால் போகாமல் இங்கேயே தங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்துதான் அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. உங்கள் அம்மாவோ அப்பாவோ அப்படிப்பட்டவர் என்றால், பிரஜாவுரிமைப் பத்திரத்தைத் தேடி எடுத்து வையுங்கள். பழைய பாஸ்போர்ட்டையும் எறிய வேண்டாம். எங்கள் வீட்டில் இருந்ததில் கிராமம், தாலுகா, ஜில்லா எல்லாம் பேனையால் எழுதியிருந்தது. அப்பாயி "துறையூர்ப் பக்கம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த ஊரின் பெயரை எங்களுக்குக் காட்டியது அந்தக் காகிதம்தான்.

பாஸ்போர்ட்

பத்தரமுல்லைத் தலைமை ஒபிஸுக்கு ஓட வேண்டியதில்லை, கண்டியிலேயே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய ஒபிஸ் இருக்கிறது. படத்தை அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்களே இணையத்தில் அனுப்பிவிட்டு ஒரு ரசீது தருவார்கள், அதைத் தொலைத்துவிடாதீர்கள். நான் கட்டியபோது சாதாரண சேவைக்கு 10,000 ரூபாய், ஒருநாள் சேவைக்கு 20,000. பெயர் சரியாக இருந்தால் ஒருநாள் சேவைக்கு அவசியமே இல்லை. பழைய பாஸ்போர்ட் இருக்கிறவர்கள் திகதியைப் பாருங்கள், பயணத்துக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

வீசா

இலங்கைக்காரருக்கு இந்திய வீசா கட்டாயம். இ-வீசாவுக்கும் நமக்குத் தகுதி உண்டு. ஆனால் அது எல்லாத் துறைமுகத்துக்கும் செல்லாது, குறிப்பிட்ட விமான நிலையங்களுக்கும் துறைமுகங்களுக்கும் மட்டும்தான். காசு கட்டுவதற்கு முன் இந்திய அரசின் இணையத்தளத்திலுள்ள பட்டியலைத் திறந்து, நாகப்பட்டினத்தின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். 'வீசா எடுத்துத் தருகிறோம்' என்று போர்டு மாட்டியிருக்கும் கடைக்காரர் விமானத்தில் போகிறவருக்கு எடுத்துக் கொடுத்தே பழகியவர், அவருக்கு இது நினைவில் இருக்காது. சந்தேகம் இருந்தால் கண்டியில் இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது. காகித வீசாவுக்குச் செலவாகும் நேரம் வீணில்லை.

விண்ணப்பத்தில் நம்மைத் தடுக்கும் இடங்கள் சில. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பா பெயர்தான் முன்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ, அதையே அப்படியே இறக்குங்கள், சொந்த மூளையைப் பாவிக்காதீர்கள். இந்தியாவில் தெரிந்தவர் ஒருவரின் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம் கேட்பார்கள். சொந்தக்காரர் கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருந்தால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முந்திய பிரஜாவுரிமை பற்றிக் கேட்கும் இடத்தில், பழைய இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்த பெரியவர்கள் உண்மையையே எழுத வேண்டும். மறைத்து மாட்டினால் அடுத்த தடவையும் வீசா கிடைக்காது. எந்தத் துறையால் உள்ளே வருகிறீர்கள், எந்தத் துறையால் வெளியே போகிறீர்கள் என்றும் கேள்வி வரும். நாகப்பட்டினம் என்று எழுதுங்கள். போகும்போது கப்பல், வரும்போது விமானம் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள்.

எந்த மாதம்

வீசா கைக்கு வந்துவிட்டது. இனிக் கடலைப் பார்க்கலாம்.

நமக்குத் தெரிந்த மழைக் கணக்கு அங்கே தலைகீழ். ஜூன், ஜூலையில் ஹட்டனில் வெயிலைக் காண முடியாது, வடக்கில் ஒரு துளி விழாது. மழை இல்லையே என்று கடல் படுத்துக்கிடக்கும் என நினைக்காதீர்கள், யாழ்ப்பாணத்தார் சோளகம் என்று சொல்லும் தென்மேல் காற்று அப்போது வீசும். ஒக்டோபர் கடைசியிலிருந்து வாடைக்காற்று. அந்தக் காலத்தில்தான் புயலும் வரும், கப்பலையும் நிறுத்துவார்கள். தீபாவளிக்குத் தமிழ்நாடு போகலாம் என்று ஆசைப்படுபவர்களுக்கு நான் சொல்வது, வேண்டாம். பெப்ரவரி முடிவிலிருந்து ஏப்ரல் வரை கடல் சாதுவாக இருக்கும். சித்திரைப் பள்ளி லீவும் அதற்குள் வந்துவிடும்.

வேளாங்கண்ணித் திருவிழா ஒகஸ்ட் 29 முதல் செப்டெம்பர் 8 வரை. அதற்குப் போகிறவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். கப்பலில் இருப்பதே சுமார் 150 இடம், சபைகள் மொத்தமாகப் பதிந்துவிடும். அதோடு நல்லூர்த் திருவிழாவும் பெரும்பாலும் அந்த நாட்களை ஒட்டித்தான் வரும், யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது கஷ்டம்.

டிக்கட்

இப்போதுதான் டிக்கட். கப்பல் நிறுவனத்தின் இணையத்தளத்தில் நேரே போடுவது நல்லது. கார்ட் இல்லாதவர்கள் முகவரிடம் போகலாம், ஆனால் காசு கொடுத்த அதே இடத்தில் டிக்கட்டைக் கையில் வாங்குங்கள். "நாளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்" என்று சொன்ன ஒருவரிடம் என் நண்பர் இரண்டு வாரம் அலைந்தார்.

கட்டணம் நிலையாக நிற்பதில்லை. 2023இல் வரியோடு 7,670 இந்திய ரூபாயாக இருந்தது, 2024இல் சாதாரண இருக்கை 5,000 அளவுக்கு இறங்கியது, பிறகும் மாறியது. பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் கொடுத்ததை வைத்துக் காசைக் கணக்குப் போடாதீர்கள். வாரத்தில் எல்லா நாளும் கப்பல் கிடையாது, அந்தந்தப் பருவத்து அட்டவணையைப் பாருங்கள்.

காசு கட்டுமுன் நான்கு விஷயத்தைக் கேட்டுத் தெளியுங்கள். காலநிலையால் கப்பல் நின்றால் காசு திரும்புமா, வேறு தேதி தருவார்களா. நீங்களே தேதி மாற்றினால் எவ்வளவு வெட்டுவார்கள். இலவசமாக எத்தனை கிலோ கொண்டுபோகலாம். இது பருவத்துக்குப் பருவம் மாறியிருக்கிறது, கூடின கிலோவுக்குத் தனிக் காசு. கடைசியாக, துறைமுக வரி டிக்கட்டுக்குள்ளே இருக்கிறதா, அங்கே போய்க் கட்ட வேண்டுமா. விசேஷ வகுப்பு இருக்கை தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். நான்கு மணித்தியாலம்தானே, அந்தக் காசுக்குத் தஞ்சாவூரில் நல்ல அறை கிடைக்கும்.

போன் நம்பர் கொடுக்கும்போது பயண நாளில் உங்கள் கையில் இருக்கும் நம்பரையே கொடுங்கள். கப்பல் நின்றால் செய்தி அதற்குத்தான் வரும். எங்கள் ஊரில் ஒருவர் கொழும்பில் கடையில் நிற்கும் மகனின் நம்பரைக் கொடுத்துவிட்டு, காங்கேசன்துறைக் கேட்டில் போய் நின்றுதான் கப்பல் இல்லை என்று அறிந்தார்.

மலையிலிருந்து துறைமுகம் வரை

கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து காலையில் வந்து, காங்கேசன்துறையிலிருந்து பிற்பகலில் திரும்பும். அன்று காலை யாழ்ப்பாணம் போய்ச் சேரும் இரவு பஸ்ஸைப் பிடித்தால் கணக்குச் சரிதான் என்று தோன்றும். அப்படிச் செய்ய வேண்டாம், முதல் நாளே போய்விடுங்கள். மழைக்குக் கினிகத்தேனையில் ஒரு மண்சரிவு போதும். 2025 நவம்பரில் டிட்வா புயல் மலையகத்தை என்ன செய்தது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பஸ் வழி எளிது. கண்டிக்குப் போய் யாழ்ப்பாண பஸ் ஏறினால் ஏ-9 வீதி நேரே கொண்டுபோகும்: மாத்தளை, தம்புள்ளை, மிஹிந்தலை, மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு. மதவாச்சி வரைக்கும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தூங்காமல் வாருங்கள். அந்தக் காலத்தில் தோட்ட வேலைக்காக மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நம் ஆட்கள் கால்நடையாக வந்தது இந்தப் பக்கமாகத்தான், நீங்கள் அதை எதிர்த்திசையில் போகிறீர்கள். ரயிலில் போக நினைத்தால் பொல்காவலையில் இறங்கி வடக்கு ரயிலுக்கு மாற வேண்டும், அது காங்கேசன்துறை வரையே போகும். மலைப்பாதையில் ரயில் எந்த ஸ்டேஷன் வரை ஓடுகிறது என்று முதலில் விசாரியுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை இருபது கிலோமீற்றருக்குள்.

துறைமுகம் கடற்படைக்குப் பக்கம், படம் எடுக்கும் ஆசையைக் கப்பலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டை, வயிறு

சொந்தக்காரருக்குத் தேயிலை கொண்டுபோகாமல் யாரும் போகப்போவதில்லை, பொதி செய்த தூளாகக் கொண்டுபோங்கள். ஆனால் கன்று, விதை, மண் ஒன்றும் வேண்டாம். நீலகிரியிலுள்ள மாமாவுக்கு நம் தோட்டத்துத் தேயிலைக் கன்று ஒன்றை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுபோன கதை எங்கள் வீட்டில் உண்டு. அனுமதிப் பத்திரம் இல்லாமல் செடி கொடி கொண்டுபோக முடியாது, நாகப்பட்டினத்திலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். நகையைக் கல்யாண வீட்டுக்குப் போவது போலப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், இரண்டு கரையிலும் பதில் சொல்ல வேண்டி வரும். இலங்கை ரூபாயைக் கண்டியிலேயே வங்கியிலோ அனுமதி பெற்ற மாற்றுக் கடையிலோ மாற்றி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் மயக்கம் வேறு எதுவுமில்லை, ரம்பொடை வளைவுகளில் வரும் அதே வாந்திதான். பஸ்ஸில் வருகிறவருக்குக் கப்பலிலும் வரும். சோறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் ஏறக் கூடாது, வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது. கப்பலின் நடுவில் உட்காருங்கள், ஆட்டம் குறைவு. போனைப் பார்க்காமல் தூரத்தில் கடலும் வானும் சேரும் கோட்டைப் பாருங்கள். அவோமின் மாத்திரை சிலருக்குச் சரிவரும், ஏறுவதற்கு முன்னாலேயே போட வேண்டும், தூக்கமும் வரும். பிரஷர், சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் பார்மசியில் கேட்டுவிட்டுப் போடுங்கள். மருந்துச் சீட்டைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பையில் அல்ல.

இறங்கிய பிறகு

சாயங்காலம் நாகப்பட்டினம். இருட்டில் தூரப் பயணம் தொடங்காமல், நாகூரிலோ வேளாங்கண்ணியிலோ தங்குங்கள், இரண்டும் பக்கம், அறையும் மலிவு. மறுநாள் திருவாரூர், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயிலும் பஸ்ஸும் உண்டு. திருச்சியை மையமாக வைத்துக்கொண்டால் முசிறி, துறையூர், புதுக்கோட்டை, நாமக்கல் எல்லாம் ஒருநாளில் போய்வரும் தூரம். நீலகிரிக்குப் போகிறவர்கள் கோயம்புத்தூர் போய் மலை ஏற வேண்டும். தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தொடங்கிய டேன்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் நம் பேச்சைக் கேட்கலாம். கூடலூர்ப் பக்கத்தில் ஒரு லயத்து வாசலில் "கோச்சியிலயா வந்தீங்க?" என்று ஒரு பாட்டி கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வேறு யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதை நான் கேட்டதில்லை.

திரும்பும் டிக்கட்டை வீசா முடியும் தேதிக்குப் பக்கத்தில் போடாதீர்கள், குறைந்தது ஒரு வாரம் விடுங்கள். கப்பல் நின்றால் வீசா உங்களுக்காக நிற்காது. திரும்பும் கப்பல் காலையில் என்பதால் முதல் நாள் இரவு நாகப்பட்டினத்தில்தான் இருக்க வேண்டும். மதிய அளவில் காங்கேசன்துறை வந்து சேர்ந்தால் அன்றிரவே கண்டிக்கு பஸ் பிடிக்கலாம். சுவெட்டரைப் பையின் அடியில் வைத்துவிடாதீர்கள். யாழ்ப்பாண வெக்கையில் மறந்துபோகும், விடியற்காலை ஹட்டன் பஸ்ஸுக்கு நிற்கும்போது தேடுவீர்கள்.